அம்மாவின் திண்ணைப் பாத்தியும் ஐந்து ஓட்டைகளும்

நாலு நாளாக மழை. மஞ்சள் காட்டுக்குள் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிறது. ஆள் வைத்துச் செய்கிற வேலை எதுவும் நடக்காது. மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயத்தை இன்றைக்காவது எழுதிவிடலாம்.

போன மாதம் சென்னையில் இருந்து தோட்டம் பார்க்க வந்த ஒரு தம்பி, வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "ஆறு ஏக்கர் வச்சிருக்கீங்க, அப்புறம் எதுக்குண்ணா வீட்டு முன்னாடி தொட்டி கட்டி மண்ணப் போட்டு கீரை வளக்கறீங்க? அதெல்லாம் மொட்டை மாடில எங்கள மாதிரி ஆளுங்க செய்யறதாச்சே?"

நியாயமான கேள்விதான். சிரித்து மழுப்பிவிட்டேன். ஏனென்றால் பதில் கொஞ்சம் நீளம். பாதிக்கு மேல் என் தப்பும் அதில் இருக்கிறது.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. அறுபது வருஷமாகக் குனிந்தே வேலை செய்த உடம்பு. நாற்று நட்டது, களை எடுத்தது, மஞ்சள் பறித்தது எல்லாம் அந்த முட்டியைத்தான் தின்றது. ஒரு நாள் கீரைப் பாத்தியில் உட்கார்ந்தவர்களால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் என் வீட்டுக்காரியும் போய்க் கைத்தாங்கலாகத் தூக்கி வந்தோம். முட்டித் தேய்மானம், இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். அதற்கப்புறம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாங்க. சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. பேச்சும் அப்படியே. வேலை செய்தே பழகிய மனுஷி வேலை இல்லாமல் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று, வீட்டில் வயசானவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்போது வந்ததுதான் இந்த யோசனை. அம்மா மண்ணுக்குக் குனிய முடியாது, சரி, மண்ணைத் தூக்கி அம்மா இடுப்புக்குக் கொண்டு வந்துவிடலாம். 12 அடி நீளம், மூன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். நின்றுகொண்டோ முக்காலி போட்டு உட்கார்ந்தோ கை நீட்டினால் நடு வரைக்கும் எட்ட வேண்டும், அதற்காகத்தான் அந்த அகலம். அம்மா அதற்கு 'திண்ணைப் பாத்தி' என்று பேர் வைத்தாங்க.

முதலில் பலகையில் அடித்தேன். மில்லில் மாம்பலகை மலிவாகக் கிடைத்தது. அம்மா பார்த்துவிட்டு, "பனையில அடிச்சிருக்கலாமல்ல சாமி, எங்கப்பன் சாளைக்குப் போட்ட பனங்கை இன்னும் கெடக்குது" என்றாங்க. முற்றின பனையின் வெளிப்பக்கத்து கருத்த வைரத்தைச் செல்லு அவ்வளவு சீக்கிரம் தொடாது, அது உண்மைதான். ஆனால் வைரம் பாய்ந்த பனை இப்போது எங்கே அகப்படுகிறது? செங்கல் சூளைக்குப் போனது போக மிச்சம் நிற்பது கொஞ்சம்தான்.

மாம்பலகை ஒன்றரை வருஷம் வந்தது. உள்ளே எப்போதும் ஈரம், வெளியே வெயில். மண் தொடுகிற பக்கம் சொதசொதவென்று ஆகி, ஸ்குரூ பிடிக்க இடமில்லாமல் போனது. அடியில் செல்லு புற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர், வண்டிக்கு ஊற்றி எடுத்த பழைய ஆயிலைப் பலகைக்குள் பூசச் சொன்னார். வேலிக்கால் நடும்போது இங்கே எல்லோரும் செய்வதுதான். வேலிக்குச் சரி. திங்கிற கீரைக்குப் பக்கத்தில் அந்தக் கழிவு ஆயிலைப் பூசலாமா? எஞ்சினில் தேய்ந்த உலோகமும் கரியும் எல்லாம் அதில்தானே இருக்கிறது. இதையே சொல்கிறேன், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை நிறுத்திப் பாத்தி கட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

சரி, மரமே வேண்டாம், செங்கல்லில் நிரந்தரமாகக் கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் கதை ஆரம்பம்.

ஆடி மாசம். எங்கள் ஊர்க் கொத்தனார், அப்பா காலத்து ஆள், வந்து கயிறு பிடித்தார். நான் சிக்கனம் பார்த்து அரைக்கல் சுவர் போதும் என்றேன், அதாவது நாலரை இஞ்ச் கனம். 400 செங்கல்லில் வேலை முடிந்துவிடும். அவர் தலையைச் சொறிந்தார். "ஏனுங் தம்பி, மண்ணு தாங்கற செவுருங்க இது. ஒம்பதிஞ்சு போட்டுக்கலாமுங்களா?" என்றார். இரண்டரை அடிதானே அண்ணா என்றேன். அடி வரிசை கட்டும்போது மறுபடியும் நிறுத்தினார். "தண்ணி போறதுக்கு அங்கங்க ஓட்டை உட்டுரலாமுங்களா?"

நான் வேண்டாம் என்றேன். எனக்கு அன்றைக்கு ஒரு கணக்கு இருந்தது. ஓட்டை விட்டால் ஊற்றுகிற தண்ணியோடு உரச் சத்தும் வழிந்துவிடும், வாசல் சேறாகும், ஓட்டை வழியாக எலியும் வரும். அப்புறம், உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூச்சு பூசி, வெளியில் பச்சைப் பெயிண்ட் வேறு அடித்தேன். ஈரம் சுவருக்குள் போகாதல்லவா! போட்டோ எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒரு தொட்டித் தண்ணி மாதிரி மண்ணை நாலு பக்கமும் அடைத்து வைத்திருக்கிறேன் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

மண் கலவையிலும் ஒரு கோளாறு செய்திருந்தேன். ஏரியில் எடுத்த வண்டலைப் பாதி போட்டேன். மீதி செம்மண், தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு. செடிக்கு அருமையான கலவை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டலில் களி அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நார்க்கழிவோ தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைக் குடித்து வைத்துக்கொள்ளும். அம்மாவின் பாத்தி கொள்ளும் மண் 105 கன அடி, லாரிக்காரர் கணக்கில் ஏறக்குறைய ஒரு யூனிட். காய்ந்த கலவையாக நாலு டன்னுக்குள் இருக்கும். நன்றாக நனைந்த ஈர மண் கன அடிக்குக் கிட்டத்தட்ட 50 கிலோ நிற்கும். அப்படியானால் அஞ்சு டன் தாண்டிவிடும். எடை கூடுவது மட்டும் இல்லை. தண்ணி நிரம்பிய மண் சேறு மாதிரி ஆகி, பக்கவாட்டில் தள்ளும். கீழே போகப் போகத் தள்ளல் அதிகம். இதைத்தான் அந்த நாலரை இஞ்ச் சுவரை வைத்துத் தாங்கச் சொல்லியிருந்தேன்.

முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அம்மா மறுபடியும் மனுஷியாகிவிட்டாங்க. விடிந்தால் பாத்தி, பொழுது சாய்ந்தால் பாத்தி. அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி, ஓரத்தில் நாலு மிளகாய். சாயங்காலம் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கட்டுக் கீரை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரெண்டாவது வருஷம் ஆவணியில் அடையாளம் காட்ட ஆரம்பித்தது. எங்கள் பூமி கீழ்பவானி வாய்க்கால் பாசனம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடித்தது, அதிலிருந்து வருகிற இந்த வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. வெட்டியதிலிருந்தே மண் வாய்க்கால். அதற்குக் கான்கிரீட் போடலாமா வேண்டாமா என்று எங்கள் பக்கம் பல வருஷமாகப் பெரிய சண்டை. கசிவு நீர்தான் கிணற்றை நிரப்புகிறது என்று ஒரு பக்கம், கடைமடைக்குத் தண்ணி வந்து சேரவில்லை என்று இன்னொரு பக்கம். அதற்குள் இப்போது நான் போகவில்லை. வழக்கமாக ஆகஸ்ட் 15 ஒட்டித் தண்ணி திறப்பார்கள். திறந்து பத்து இருபது நாளில் எங்கள் கிணறு ஏறும், சாளைத் தரை சில்லிடும், சுவரில் ஓதம் ஏறும். அதே ஓதம் பாத்திச் சுவரிலும் அடியில் இருந்து ஏறியது. உள்ளே அம்மா ஊற்றும் தண்ணி, கீழே வாய்க்கால் கசிவு. நடுவில் செங்கல். செங்கல்லுக்கு வாய் இருக்கிறது என்பார் கொத்தனார், கிடைத்ததைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அப்புறம் பூச்சு பொரிந்து உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணி கொஞ்சம் உப்புச் சாரம் உள்ளது. ஈரம் சுவர் வழியாக வெளியே வந்து காயும்போது தண்ணி போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். தங்கிய உப்பு கல்லுக்குள் படிகமாகிக் கல்லையே உதிர்க்கும். ஒரு வெள்ளாட்டுக் குட்டி தினமும் வந்து அந்த இடத்தை நக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சுவர் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு வயிறு தள்ளியிருந்ததை அம்மா காட்டினாங்க. "கண்ணு, இது முட்டிட்டு வருது பாரு." வெயில் அடித்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. எங்கள் பக்கம் வருஷத்துக்கே 700 மில்லிமீட்டர் ஒட்டித்தான் பெய்யும், அதில் பெரும்பங்கை இந்த மாதிரி நாலைந்து அடைமழையில் கொட்டிவிட்டுப் போகும். நாலாம் நாள் காலையில் மழை விட்டது. நான் உரம் வாங்கக் கோபி போயிருந்தேன். அம்மா கீரை அழுகிவிடுமே என்று பாத்திக்குப் போயிருக்காங்க. இடுப்பைச் சுவரில் சாய்த்து, நடுவில் கிடந்த களையைக் கை நீட்டிப் பிடுங்கியிருக்காங்க. முன்பக்கச் சுவரில் நடு ஆறு அடி அப்படியே வெளியே வந்துவிட்டது. கல்லும் சேறும் அம்மாவின் இடது காலில்.

இரண்டு விரல் முறிவு. மேலே கிழிசல். சாதாரணக் கால் என்றால் ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை பதினெட்டு வருஷமாக இருக்கிறது. "எலும்பு ஒட்டிக்கும், எனக்குக் கவலை புண்ணுதான்" என்றார் டாக்டர். ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. ஓரம் கருத்தது. சுண்டு விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு நாள் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி வாசலில் உட்கார்ந்து அந்த இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் அப்படியே வெளியே வழிந்து, அதன் மேலேயே கீரை முளைத்திருந்தது. 400 செங்கல் கூடப் போட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும்? அஞ்சு ஓட்டை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விரலை எடுக்கவில்லை. தினமும் கட்டு மாற்றி, தை பாதியில் புண் மூடியது. அந்த மூன்று மாதத்தில் அம்மா ஒரு தடவை கூட என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது. மாசியில் ஒரு நாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, குவிந்து கிடந்த கல்லைப் பார்த்தாங்க. "மறுபடி எப்ப கட்டறது?" என்றாங்க. அவ்வளவுதான்.

பங்குனியில் அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவரும் பழசை எடுக்கவில்லை. அம்மா முக்காலி போட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டாங்க, மேஸ்திரி மாதிரி. இந்தத் தடவை நான் பேசவில்லை, அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள்.

அடிமானமும் தரைக்கு மேல் ஒரு அடியும் கருங்கல். எங்கள் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், தரை மட்டம் வரை கருங்கல் கட்டி, அதற்கு மேலேதான் செங்கல் வரும். அழகுக்கு இல்லை. கருங்கல் ஈரத்தைக் குடிக்காது. கலவை வழியாகக் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் செங்கல் உறிஞ்சுகிற மாதிரி இல்லை. அதற்கு மேல் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். உள்பக்கம் மட்டும் ஒன்றுக்கு நாலு கலவையில், நீர் புகாமைக்கான பவுடர் கலந்து பூச்சு. வெளிப்பக்கம் பூச்சே இல்லை, சுண்ணாம்பு மட்டும். தப்பித்தவறி உள்ளே போன ஈரம் வெளியே காய்ந்து போக வழி வேண்டுமாம். நான் இரண்டு பக்கமும் சிமெண்டும் பெயிண்டும் போட்டு அதை நடுவில் சிறை வைத்திருந்தேன்.

பண்ணைக் குட்டைக்குப் போட்டது போக ஒரு துண்டு பாய் மிச்சம் இருந்தது, 500 மைக்ரான் கனம். அதை உள்சுவர் நெடுகத் தொங்கவிட்டோம். ஈர மண் சுவரைத் தொடவே கூடாது, அதற்குத்தான். அடியில் விரிக்கவில்லை. விரித்தால் மறுபடியும் தொட்டியாகிவிடும். இங்கே ஒரு சிறு விஷயம், சொல்லியே ஆக வேண்டும்: பாயின் மேல் ஓரம் திறந்து கிடந்தால் மழைத் தண்ணி பாய்க்கும் சுவருக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், போட்டதற்குப் போடாமலே இருந்திருக்கலாம். அதனால் பாயின் ஓரத்தைச் சுவர் மேல் மடித்து, அதன் மேல் ஒரு அடி அகலக் கடப்பா கல் பதித்தோம். கல் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும், லேசாக உள்பக்கம் சரிவு. மண்ணையும் கல் மட்டத்துக்கு மூன்று இஞ்ச் குறைவாகவே நிறுத்த வேண்டும்.

அடுத்து ஓட்டை. "எத்தன உடறீங்க?" என்று கேட்டாங்க அம்மா. முன்பக்கம் இரண்டடிக்கு ஒன்று, மொத்தம் அஞ்சு. ஒரு இஞ்ச் பிவிசி பைப், வெளிப்பக்கம் சாய்வாக. உள்தரையையும் முன்பக்கம் சரியும்படி தட்டிவிட்டோம். அடியில் நாலு இஞ்ச் ஜல்லி, பைப் வாய்க்கு முன்னால் ஜல்லி இன்னும் கொஞ்சம் குவியலாக. அதன் மேல் பழைய பச்சை வலையை இரண்டாக மடித்து விரித்து, தேங்காய் மட்டையைக் குப்புறப் பரப்பினோம். வலை இல்லாவிட்டால் ஒரே மழையில் மண் இறங்கி பைப் அடைத்துக்கொள்ளும். எலிக்குப் பயந்தேன் என்றேனே, பைப் வெளி வாயில் ஒரு கம்பி வலைத் துண்டு. அந்தப் பயத்துக்கு மருந்து அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

கலவையில் வண்டலைக் கால் பங்காகக் குறைத்து செம்மண்ணைக் கூட்டினேன்.

மாடியில் பாத்தி கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கைப்பிடிச் சுவரையே ஒரு பக்கமாக வைத்து மூன்று பக்கம் மட்டும் கட்டி மண்ணைக் கொட்டியிருப்பதை இரண்டு வீட்டில் பார்த்தேன். கல் மிச்சம் என்று நினைத்திருப்பார்கள். ஈரம் அந்தச் சுவரில் இறங்கி, கீழ் வீட்டு அறைச் சுவரில் பூத்து நிற்கும். பாத்திக்கு நாலு பக்கமும் அதன் சொந்தச் சுவராக இருக்கட்டும், கைப்பிடிச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளியே நிற்கட்டும், தளத்திலும் நேராக உட்கார வேண்டாம். கன அடிக்கு 50 கிலோ என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, கட்டடம் கட்டிய ஆளைக் கேட்டுவிட்டு மண்ணை ஏற்றுங்கள்.

புதுச் சுவர் கட்டி இது மூன்றாவது மழைக்காலம். உப்பு பூக்கவில்லை. வெள்ளாடு வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகிறது. போன வருஷம் ஒரு பைப் அடைத்துக்கொண்டது, கம்பி விட்டுக் குத்தினேன், சரியாகிவிட்டது. தேங்காய் மட்டை மக்கி மண் ஒரு கை இறங்கியிருக்கிறது. தையில் கொஞ்சம் கிளறி நிரப்ப வேண்டும்.

கடப்பா கல்லில் அம்மா இப்போது உட்கார்ந்தே வேலை செய்கிறாங்க. இடது கால் சுண்டு விரல் கொஞ்சம் வளைந்தே ஒட்டியிருக்கிறது. செருப்பு போடும்போது மட்டும் முகம் சுளிப்பாங்க. நான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இன்றைக்குக் காலையில் தூறலோடு வெளியே போனேன். அஞ்சு பைப்பிலும் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது, டீத்தண்ணி நிறத்தில். வாசல் சேறாகும் என்று நான் பயந்த இடம் அதுதான். அங்கே அம்மா எப்போது நட்டாங்களோ தெரியாது, ஒவ்வொரு பைப்புக்குக் கீழேயும் ஒரு கை அகலத்துக்குப் புதினா தழைத்து நிற்கிறது. உள்ளே இருந்து குரல் வந்தது. "வெளிய நிக்கறதுதான் நிக்கற, துவையலுக்கு நாலு கிள்ளீட்டு வா சாமி."